வருகைகளில் கை வைக்காதீர்கள்: தாய்-சேய் நலத் திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

வறுமையில், துணையில்லாமல் தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்களின் வீட்டுக்கே செவிலியரை அனுப்பும் திட்டத்தில் நிதி குறைந்தால், முதலில் வெட்டுப்படுவது வருகைகள்தான். அதற்குப் பதில் குறைவான பெண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்தவர்களை முழுதாகப் பாருங்கள்.

அமெரிக்காவின் எல்மைரா நகரில் ஆய்வாளர் டேவிட் ஓல்ட்ஸ் 1970களின் இறுதியில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்த திட்டத்தின் கணக்கு இது: கர்ப்பத்தின் 28ஆம் வாரத்துக்குள் சேர்க்கை. முதல் மாதம் வாராவாரம், பிறகு பிரசவம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை. பிள்ளை பிறந்ததும் ஆறு வாரம் மறுபடி வாராவாரம். 21 மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வயது வரை மாதம் ஒருமுறை. ஒரு செவிலியருக்கு 25 குடும்பங்கள் என்பது அதன் பழைய வரம்பு. அதை 40 ஆக்கினால் படிவம் நிரம்பும், பேச நேரம் இருக்காது.

பேச்சுதான் வேலையே. மனச்சோர்வை அறிய எடின்பரோ வினாத்தாளில் 10 கேள்விகள் உண்டு. மாமியாரோ கணவரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்றே பதில் வரும். தனிமை கிடைக்காவிட்டால் அன்று கேட்காமல், அடுத்த வருகையைச் சீக்கிரம் வைக்க வேண்டும். கடைசிக் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ‘ஆம்’ என்ற சாயல் தெரிந்தாலே, மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். வீட்டில் அடி உதை பற்றிய கேள்விக்கும் இதே தனிமை வேண்டும். உதவி எண் அச்சிட்ட தாளை வீட்டில் விட்டுவராதீர்கள். அடிப்பவர் கையில் அது சிக்கினால் அவளுக்குத்தான் ஆபத்து.

செவிலியருக்குப் பதில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் போதாதா என்பீர்கள். அமெரிக்காவின் டென்வர் நகரில் இதே திட்டத்தை வைத்து நடந்த ஆய்வு இரு தரப்பையும் ஒப்பிட்டது. செவிலியர் சென்ற குடும்பங்களில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அதற்காக இந்தத் திட்டம் எங்கும் பலிக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. இதே திட்டத்தை வைத்து இங்கிலாந்தில் நடந்து 2016இல் வெளியான பெரிய ஆய்வில் புகைபிடித்தல், பிறப்பு எடை, அடுத்தடுத்த கர்ப்பம் எதிலும் பலன் தெரியவில்லை. அங்கே எல்லாத் தாய்மாருக்கும் ஏற்கெனவே நல்ல கவனிப்பு இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் பகுதியில் இப்போது என்ன கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, இடமாற்றம். பழகிய செவிலியர் திடீரென்று நின்றுபோனால் பல தாய்மார் புதியவருக்குக் கதவே திறப்பதில்லை. பழையவரும் புதியவரும் சேர்ந்து இரண்டு முறையாவது போக வேண்டும். இரு வாரத்துக்கு ஒரு வருகை என்பதால் அதற்கு ஒரு மாதம் பிடிக்கும். இடமாற்ற ஆணையிலேயே அந்த ஒரு மாதத்தை எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டு வருகைப் பணியில் உள்ள செவிலியர்களும் மேற்பார்வையாளர்களும்