மூன்றாம் கேள்வியை நீக்கியவளுக்கு

அன்புள்ள தோழிக்கு,

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, அதான் வைவா, முடிந்துவிட்டது. சின்னத் திருத்தங்கள் மட்டும்தான். வெள்ளிக்கிழமை இறுதிப் பிரதியைக் கொடுக்கவேண்டும். அதற்குள் உன்னிடம் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. மூன்று முறை மெயில் எழுதி அனுப்பாமல் விட்டேன். ஊரறியப் போட்டால் பின்வாங்க முடியாது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

கோர்ஸ்வொர்க் ஓடிய முதல் இரண்டு வருடம், எகனாமெட்ரிக்ஸ், காம்ப்ரிஹென்சிவ் தேர்வு, புரபோசல் எல்லாம் நீயும் பட்டதுதான். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. 312 வினாத்தாள்களையும் கணினியில் ஏற்றி முடித்த நாள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் ஆல்ஃபா எண், ஐந்து கேள்விகளுக்கும் சேர்த்து 0.58. எங்கே போனாலும் 0.7 கேட்பார்கள். "1951-ல கிரான்பாக் இந்த ஆல்ஃபாவைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு, அதுக்கு நாம அழறோம்" என்றாய். நான் மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தேன். நீ ஒரு வினாத்தாளை உருவி, மூன்றாம் கேள்வியைச் சத்தமாகப் படித்தாய்: 'என் மேலாளர் நியாயமாகவும் விரைவாகவும் முடிவெடுக்கிறார்.'

"ஆளு நியாயமானவரு, ஆனா ஆமை வேகம். இதுக்கு எதுலடி டிக் அடிப்பாங்க?"

முதலில் சிலரிடம் மட்டும் கேட்டுப்பார்க்கும் பைலட்டிலேயே பிடித்திருக்கவேண்டிய தப்பு. கேள்வியை எழுதியது நான். அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். 0.74. பேனா மூடியைக் கடித்துக்கொண்டே சிரித்தாய்.

மூன்றே வாரத்தில் போய்விட்டாய். ஆய்வேடு மட்டும் பாக்கி என்ற நிலையில் எத்தனையோ பேர் போகிறார்கள், தெரியும். அதற்கு முந்தைய கமிட்டிக் கூட்டத்தைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். நம் வழிகாட்டியும் இதைப் படிக்கலாம். அவர் எனக்கு நல்லதுதான் செய்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நியாயம் வேறு, வேகம் வேறு. நீ போகிறபோக்கில் சொன்ன அதிலிருந்துதான் என் மூன்று கட்டுரைகளில் முதலாவது வளர்ந்தது. ஒரு ஜர்னல் மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் ஆறு நாளில் திருப்பியது. அடுத்தது ஐந்து மாதம் வைத்திருந்துவிட்டு, திருத்தி அனுப்பச் சொன்னது. வேலை தேடிப் போன இடங்களிலும் அதைத்தான் பேசினேன். வேலையும் கிடைத்தது.

திருடினேன் என்று நினைக்கிறாயா? "எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ" என்று சொன்னது நீ. தந்தாயா, எறிந்தாயா என்று இன்றுவரை புரியவில்லை. பாதி நிரப்பிய தாள்களைக் கழித்து, விடுபட்டதைச் சரிபார்த்து, எல்லாவற்றையும் தனியாகத்தான் செய்தேன். சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு நீ ஒரு தடவை போன் செய்தாய். "இன்னுமா முடிக்கல?" என்றாய். அதை நான் மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை.

ஆனாலும் 61-ஆம் பக்கம் உறுத்துகிறது. 'மூன்றாம் கேள்வி நீக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். ஆய்வேட்டு நடைக்கு இது ஒரு வசதி, செய்த ஆளைச் சொல்லவே வேண்டாம். வைவாவில் வெளித் தேர்வாளர் சரியாக அங்கேதான் விரலை வைத்தார். "இதை எப்படிக் கவனித்தீர்கள்?" என்று கேட்டார். "திரும்பப் படித்தபோது தெரிந்தது" என்றேன். யார் படித்தபோது என்று அவர் கேட்கவில்லை. தண்ணீர் குடித்தேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நன்றியுரையில் உன் பெயர் நண்பர்கள் பட்டியலில் பதினோராவதாக இருக்கிறது. அங்கிருந்து எடுத்து, 61-ஆம் பக்கத்தில் அடிக்குறிப்பாக, செய்தது இன்னார் என்றே போடலாம் என்றிருக்கிறேன். கமிட்டியில் புருவம் உயரும், உயரட்டும். உனக்குச் சம்மதமா? அந்த ஆய்வேட்டில் உன் பெயரே வேண்டாம் என்றாலும் சொல், எடுத்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பதில் போடு. அப்புறம், உன் இனிஷியல் ஒன்றா, இரண்டா? மறந்துபோச்சு.