மகனை அனுப்புவது பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. தீபாவளி, கந்த சஷ்டி என்று கோயிலில் வரிசையாக வேலை. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. நீ இன்னும் மீசைக்கு மை பூசுகிறாயாமே? இன்னுமா உனக்குப் புத்தி வரவில்லை!

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மகனையும் என்னைப் போல நாயனம் வாசிக்க இங்கே பினாங்குக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாய்.

சம்பளம் ஒழுங்காக வருகிறது, மரியாதைக்கும் குறைவில்லை. தைப்பூசத்தின்போது நீ வந்து பார்க்க வேண்டும். பினாங் ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும். 1894இல் கப்பலில் வந்த ரதம் அது. வழியெல்லாம் தேங்காய் உடைத்துத் தெரு வெள்ளையாகிவிடும். சூலியா ஸ்திரீட் முனையில் நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்காகூட இருக்கிறது. அந்தப் பக்கம் போனாலே எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.

ஆனால் இந்தப் புழுக்கம்! 32 டிகிரிதான், நம் கத்திரி வெயிலில் பாதிகூடச் சுடாது. வருஷம் முழுக்க அப்படியே இருப்பதுதான் கஷ்டம். தவில்காரத் தம்பி வாசிக்க விரலில் மாட்டுகிற கூடு காயவே மாட்டேன் என்கிறது. நாயனத்தில் வைத்து ஊதுகிற என் நாணல் சீவாளி பெட்டியிலேயே ஊறிக்கிடக்கிறது. ஊரில் வாயில் வைத்து நனைத்து நனைத்துப் பேச வைப்போம். இங்கே எடுத்து ஊதினால் அதன் வாய் ஒட்டிக்கொள்கிறது. அதைத் தேற்றி எடுத்துக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போனால் அங்கே ஏசி. நாயனத்துக்குள் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும், சுருதிப் பெட்டி இறங்காது. உதட்டை இறுக்கி, நாயனத் துளையில் வைத்த மெழுகைத் தொட்டு எப்படியோ சமாளிக்க வேண்டும். ஊர்வலத்துக்கு வெளியே வந்தால் சுருதி மறுபடி ஏறிக்கொள்ளும்.

இதையெல்லாம் பையன் பழகிக்கொள்வான். நான் சொல்ல வந்தது வேறு. போன மாதம் ஒரு கல்யாணத்தில், குளிரில் சுருதி சேராமலே கல்யாணி ராகம் வாசித்தேன். மண்டபத்தில் ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. முடிந்ததும் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் ஊர்த் திருவிழாவில் ஒரு ராத்திரிக்கு நாலு நாயன செட் வரும். எதிரே உட்கார்ந்து கேட்கிறவன் நம்மைவிடக் கெட்டிக்காரனாக இருப்பான். உன் அப்பா தலையை ஆட்டாமல் வெற்றிலை மடித்தாரென்றால் எங்கோ பிசகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நமக்குக் காது வந்தது அப்படித்தான். இங்கே என் நாயனத்தைத் தவிர எனக்குக் கேட்க வேறு நாயனம் இல்லை. தண்ணீர்ப் பந்தல் ஸ்பீக்கர்களின் சத்தத்தில் சில நேரம் அதுவும் கேட்பதில்லை. செல்போனில் அந்தக் காலத்து நாயன மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் போட்டுத் தினமும் கேட்கிறேன். அவர் என்னைத் திருத்த மாட்டாரே!

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காதில் சேர்த்து வைத்ததை வைத்து ஓட்டுவேன். உன் பையனுக்கு இருபதுதான். போன வருஷம் நான் வந்தபோது சாமி புறப்பாட்டுக்கு அவன் வாசித்த மல்லாரி இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் கை இங்கே வந்து, தப்பு எது என்று சொல்ல ஆளில்லாமல் கெட்டியாகிப் போய்விடக் கூடாது மாப்பிள்ளை. இன்னும் நாலைந்து வருஷம் பெரிய ஆள் யாருடனாவது துணை நாயனமாகப் போகட்டும், ராத்திரி கண் விழிக்கட்டும். கடன் நெருக்குகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வட்டிக்கு ஆகும் என்று ஊரில் இருக்கிற தம்பி கணக்கில் கொஞ்சம் போட்டிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லி எழுதாதே, எனக்குக் கோபம் வரும்.

அப்புறம் ஒரு வேலை. திருவாவடுதுறைக்குப் போனால் நன்றாக விளைந்த நாணலில் சீவாளி ஒரு டஜன் வாங்கி வை. இரண்டரைக் கட்டை சுருதிக்கு என்று மறக்காமல் சொல். தையில் இங்கே வருகிற ஓதுவாரிடம் கொடுத்தனுப்பு. பையனையே ஊதிப் பார்த்து எடுக்கச் சொல்.

அன்புடன்,
உன் நாயனம்