டெக்ஸ்-மெக்ஸ் போலிச் சாப்பாடா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிநாடு போகிறவர்களுக்கான சாப்பாட்டுக் குறிப்புகளைப் படித்தேன். அமெரிக்காவில் டெக்ஸாஸ் பக்கம் மெக்சிகன் சாப்பாடு என்று விற்பதை நம்ப வேண்டாம், அது டெக்ஸாஸும் மெக்சிகோவும் கலந்த டெக்ஸ்-மெக்ஸ் என்கிற போலி, அசல் வேண்டுமென்றால் மெக்சிகோவுக்கே போக வேண்டும் என்கிற பொருளில் எழுதியிருந்தார்கள். எழுதியவர் அங்கே எத்தனை நாள் இருந்தார் என்று தெரியவில்லை. நான் ஐந்து மாதம் இருந்தேன். மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போனவள். திருவட்டாறு ஒன்றியத்தில் இருபத்தெட்டு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சாப்பாட்டைப் பற்றி யாராவது தப்பாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. கடிதம் நீளம் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் தமாலே என்கிற மக்காச்சோளக் கொழுக்கட்டை பற்றி எழுதியிருப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

மகள் டெக்ஸாஸில் சான் அன்டோனியோ என்ற ஊரில் நர்ஸ். மெக்சிகோ எல்லையில் இருக்கிற லாரெடோ அங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர். நாகர்கோவிலில் இருந்து மதுரைக்குப் போகிற தூரம்தான். 2023 அக்டோபரில் போனேன். குழந்தைக்கு நாற்பது கழிந்த பிறகு மருமகன் எங்களை ஆற்றங்கரை நடைபாதைக்குக் கூட்டிப்போனார். ரிவர் வாக் என்று ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்த இடம். ஒரு கடை வாசலில் 'அசல் மெக்சிகன்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. உள்ளே போனதும் என் தலையில் முறம் அகலத்துக்கு ஒரு தொப்பியை வைத்துப் படம் எடுத்தார்கள். கேட்காமலே ஒரு கூடை சிப்ஸும் சல்சாவும் வந்தது. சல்சா என்றால் தக்காளிச் சட்னிதான், வேறொன்றும் இல்லை. அப்புறம் வந்த தட்டில் மஞ்சள் சீஸ் உருகி ஓடி, சோறு எது பயறு எது என்று கரண்டியால் தோண்டிப் பார்க்க வேண்டியிருந்தது. நூறு டாலருக்கு மேல் ஆயிற்று.

"இதுதாம்மா மெக்சிகன்" என்றாள் மகள்.

"மக்களே, சுத்தி ஒரு பார்வை பாரு. இந்த ஊர்க்காரங்க ஒருத்தராவது இங்க சாப்பிடுகாங்களா?"

எல்லா மேசையிலும் கேமராதான் இருந்தது.

உங்கள் கட்டுரையாளர் போன கடையும் இப்படி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கடை போலி என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக டெக்ஸ்-மெக்ஸையே போலி என்று சொல்வது, கன்னியாகுமரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு நாஞ்சில் நாட்டுச் சமையல் சரியில்லை என்று சொல்வது மாதிரி.

எனக்கு வழி காட்டியவர் மகளின் பக்கத்து வீட்டுப் பாட்டி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அவருடைய அம்மாவும் பாட்டியும் அந்த ஊரிலேயே பிறந்தவர்கள். வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். எனக்கு அது தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட ஸ்பானிஷை வைத்து மகள் நடுவில் நின்றாள். பாட்டி சொன்ன அடையாளங்களை இங்கே எழுதுகிறேன், போகிறவர்களுக்கு உதவும். காலை ஆறு மணிக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களின் வண்டி எந்தக் கடை முன்னால் நிற்கிறது என்று பார். சனி, ஞாயிறு மட்டும் பார்பகோவா, மெனுடோ என்று கையால் எழுதி ஒட்டியிருக்கிறதா பார். முதலாவது பதமாக வேகவைத்த மாட்டுத் தலைக்கறி, எடை போட்டு வாங்கலாம். இரண்டாவது குடல் சூப்பு. இரண்டுக்கும் ராத்திரியே அடுப்புப் பற்ற வைக்க வேண்டும், அதனால் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. எல்லா நாளும் எல்லாமும் கிடைக்கும் என்று போட்டிருந்தால் அங்கே போகாதே. அப்புறம், தோர்த்தியா என்கிற அவர்கள் ரொட்டியைத் தட்டுகிற சத்தம் உள்ளே கேட்கிறதா என்று காது கொடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஊரின் மேற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். எங்களுக்கு முன்னாலேயே அந்த ஊர்க்காரர்கள் பூசை முடிந்து வந்து வரிசையில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறி என்பது எந்த ஊரிலும் ஒன்றுதான் போலும்! சப்பாத்தி போன்ற கோதுமைத் தோர்த்தியாவில் அந்தக் கறியை வைத்து, பொடியாக அரிந்த உள்ளியும் மல்லியிலையும் தூவி, எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சீஸ் கண்ணிலேயே படவில்லை. இன்னொரு தட்டில் நோபால் என்று ஒன்று வந்தது. முள்ளைச் சீவி, நறுக்கி, முட்டையோடு வதக்கியது. வாயில் போட்டு மென்ற பிறகுதான் மகள் சொன்னாள், அது நம் சப்பாத்திக்கள்ளி. ஆரல்வாய்மொழிப் பக்கம் வேலியோரம் கிடந்தால் நாம் ஆட்டைக்கூட அங்கே விட மாட்டோம். வெண்டைக்காய் மாதிரி கொஞ்சம் வழவழப்பு, கொஞ்சம் புளிப்பு. நன்றாக இருந்தது.

"இது மெக்சிகனா, டெக்ஸ்-மெக்ஸா?" என்று மகளை விட்டுக் கேட்டேன். தன் அம்மா செய்ததும் இதுதான், அம்மாவின் அம்மா செய்ததும் இதுதான் என்றார் பாட்டி. கேள்வியே அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

ஏன் பிடிக்கவில்லை என்று பின்னால்தான் புரிந்தது. டெக்ஸாஸ் ஒரு காலத்தில் மெக்சிகோவின் பகுதி. 1836இல் பிரிந்து தனி நாடாகி, 1845இல் அமெரிக்காவோடு சேர்ந்தது. பாட்டியின் முன்னோர்கள் எங்கேயிருந்தும் எங்கேயும் போகவில்லை. கோடுதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று. இதைக் குமரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு மறுநாள் யாராவது அவியலைக் கேரளாவுக்குத் திருப்பி அனுப்பினார்களா? எங்கள் வீட்டில் எரிசேரியும் புளிசேரியும் வைக்கிறோம், இட்லியும் சாம்பாரும் வைக்கிறோம், புரோட்டாவும் பீப்பும் தின்கிறோம். சென்னையில் இருந்து வருகிறவர் இது மலையாளச் சாப்பாடு என்பார், திருவனந்தபுரத்தில் இருந்து வருகிறவர் இது பாண்டிச் சாப்பாடு என்பார். நாங்கள் போலியா?

டெக்ஸ்-மெக்ஸ் என்பது முதலில் சாப்பாட்டின் பெயரே இல்லை. 1875இல் தொடங்கி, பின்னால் டெக்ஸாஸ் மெக்சிகன் ரயில்வே என்று பெயர் மாறிய கம்பெனியின் சுருக்கப் பெயர். சாப்பாடு அதற்கும் முந்தியது. சான் அன்டோனியோவின் சந்தை மைதானங்களில் சாயங்காலம் ஆனால் பெண்கள் அடுப்பு மூட்டி, வற்றல் மிளகாய் போட்டு வைத்த மாட்டுக்கறியைத் தட்டில் ஊற்றி விற்றிருக்கிறார்கள். சில்லி ராணிகள் என்று பெயர். 1930களில் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி அவர்களை எழுப்பிவிட்டார்கள். நானும் ஆய்வுக்கு வந்த அதிகாரிகளுக்குப் பதில் சொல்லியே வயதானவள், அந்தப் பெண்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவர்கள் விற்ற அந்தக் கறிதான் 1977இல் டெக்ஸாஸின் மாநில உணவு ஆயிற்று. அதில் சீரகம் தூக்கலாக இருக்கும். மெக்சிகோவின் உள்நாட்டுச் சமையலில் இவ்வளவு சீரகம் கிடையாது. மஞ்சள் சீஸ், கோதுமைத் தோர்த்தியா, சீரகம் மூன்றும் சேர்ந்து வந்தால் டெக்ஸாஸ் பக்கத்துக் கை என்று வைத்துக்கொள்ளலாம். சோளத் தோர்த்தியா, உதிரும் வெள்ளைச் சீஸ், மோலே என்கிற குழம்பு என்று வந்தால் உள்நாட்டுக் கை. இரண்டுமே அந்த ஊரில் கிடைக்கிறது. தேடத்தான் வேண்டும்.

எல்லோரும் தின்கிற நாச்சோஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1940களின் தொடக்கத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் பியத்ராஸ் நெக்ராஸ் என்ற ஊரில், அமெரிக்கப் பெண்கள் சிலர் ஒரு கடைக்கு வந்திருக்கிறார்கள். சமையல்காரர் அந்த நேரத்தில் இல்லை. கடையில் இருந்த இக்னாசியோ அனயா என்பவர் பொரித்த தோர்த்தியாத் துண்டுகளின் மேல் சீஸும் மிளகாயும் போட்டுச் சூடாக்கிக் கொடுத்தார். இக்னாசியோவை வீட்டில் செல்லமாகக் கூப்பிடுவது நாச்சோ. அந்தப் பெயர் நம் கடற்கரை ஊர்களில் இன்னாசி. மணக்குடியிலோ கொட்டில்பாட்டிலோ ஒரு இன்னாசி அண்ணன் அவசரத்துக்கு ஏதாவது செய்து போட்டு, உலகம் முழுக்க அதை 'இன்னாசி' என்று விற்றால் எப்படி இருக்கும்!

மோலே சாப்பிட இன்னொரு கடைக்குப் போனோம். தெற்கு மெக்சிகோவில் ஓஹாகா என்ற பக்கத்தில் இருந்து வந்த குடும்பம் நடத்துவது. வற்றல் மிளகாயில் இரண்டு மூன்று வகை, எள், பாதாம், பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் தனித்தனியே கறுக்க வறுத்து, அரைத்து, துளி சாக்லேட்டும் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்க வைத்த குழம்பு. மூடி திறந்ததும் எனக்கு வந்த வாசனை உள்ளித்தீயல். தேங்காய் கிடையாது, புளி கிடையாது, ஆனால் கருகுகிறதற்கு ஒரு நிமிடம் முந்தி இறக்குகிற அந்தக் கைப்பக்குவம் அதேதான். அரைக்கிற கல்லைக் காட்டினார்கள். மூன்று கால் வைத்த அம்மி. மெத்தாத்தே என்கிறார்கள். நான் குழவியைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டியதும் சமையலறையில் ஒரே சிரிப்பு.

தமாலேக்கு வருகிறேன். டிசம்பரில் பாட்டி வீட்டுப் பெண்கள் எல்லாம் ஒரு நாள் கூடி டஜன் டஜனாகத் தமாலே செய்தார்கள். சோள மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்த்து அடித்து, ஊற வைத்த சோளத் தோலில் பரத்தி, நடுவில் கறி வைத்து, மடித்து, ஆவியில் வேக வைப்பது. நம் திருக்கார்த்திகைக்குப் பனையோலையில் கொழுக்கட்டை அவிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தெற்கே போனால் வாழையிலையிலும் கட்டுவார்களாம். மாவு பதம் ஆயிற்றா என்று பார்க்க ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டார் பாட்டி. மிதந்தது. உளுந்த வடைக்கு நான் பார்க்கிற அதே சோதனை! என்னால் சும்மா இருக்க முடியவில்லை, கையை நீட்டி மாவை வாங்கிக்கொண்டேன். முதல் பத்து தடிமனாகப் பரத்திவிட்டேன் என்று பாட்டி பிரித்து வழித்தார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இதெல்லாம் இருக்கட்டும், நம் ஊருக்கு வருகிறேன். போன ஜனவரியில் மகளோடு வேலை செய்கிற சான் அன்டோனியோ நர்ஸ்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துவிட்டுச் சாப்பாடு தேடினோம். பஞ்சாபி இருக்கிறது, குஜராத்தி இருக்கிறது, சைனீஸ் இருக்கிறது. ஒரு பேக்கரியில் 'மெக்சிகன் ரோல்' கூட இருந்தது. முட்டைக்கோசும் மயோனைசும் சுருட்டியது. அந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். மதியம் 'அசல் நாஞ்சில் சாப்பாடு' என்று போர்டு வைத்த ஓர் ஓட்டலுக்குப் போனோம். பெயர் வேண்டாம். அவியலில் தேங்காய் எண்ணெய் வாசனையே இல்லை, கேரட்டும் பீன்ஸும் மட்டும் நீந்தின. தீயல் உண்டா என்றால், பரிமாறுகிற பையன் முழித்தான். வடக்கே இருந்து வேலைக்கு வந்த பிள்ளை, அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுநாள் பாட்டியின் அடையாளத்தைக் கையில் எடுத்தேன். தக்கலை போகிற வழியில், பதினொரு மணிக்கு ஆட்டோக்கள் நாலைந்து நிற்கிற ஓலைக்கூரைக் கடை. போர்டு கிடையாது. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும். சம்பா அரிசிச் சோறு, உள்ளித்தீயல். நர்ஸ்களில் ஒருத்தி தீயலைத் தொட்டு நாக்கில் வைத்ததும் 'மோலே' என்பாள் என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள், "இதில் காப்பிப் பொடி போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். சரி, தேங்காய் வறுத்த நிறம் அப்படி. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். மரச்சீனி தென் அமெரிக்காவில் இருந்து வந்த கிழங்கு, அதை இந்தப் பக்கம் பரப்பியவர் திருவிதாங்கூர் விசாகம் திருநாள் மகாராஜா என்று சொன்னேன். மிளகாயும் அவர்கள் பக்கத்தில் இருந்து வந்ததுதானே என்றேன். எங்கள் ஊரில் புளியைக் கரைத்துச் சீனி போட்டு ஐஸ் மிதக்கக் குடிக்கிறோமே, அந்தப் புளி உங்கள் பக்கத்தில் இருந்து வந்ததுதானே என்றாள் அவள்.

ஆகையால் ஆசிரியர் அவர்களே, போலி, அசல் என்று முத்திரை குத்துவதை விட்டுவிட்டு, எந்த ஊரில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன கிடைக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். நம் மாவட்டத்துக்கும் அப்படி ஒரு பக்கம் போடலாம். ஊருக்கு ஒரு கடை என்று வாசகர்களிடமே கேளுங்கள், எழுதித் தள்ளிவிடுவார்கள். தக்கலைக் கடையை நான் தருகிறேன். பதினொன்றரைக்கு மேல் போனால் சாளை தீர்ந்துவிடும் என்பதையும் சேர்த்துப் போட வேண்டும்.

கடைசியாக ஒரு உதவி. வீட்டில் சோளத் தோர்த்தியா செய்து பார்த்தேன். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொதிக்க விட்டு, ராத்திரி முழுக்க ஊற வைத்து, தோலைத் தேய்த்துக் கழுவி அரைக்க வேண்டும். அப்போதுதான் மாவு ஒட்டும், சோளத்தில் இருக்கிற நயாசின் சத்தும் உடம்பில் சேரும். சுண்ணாம்பு இல்லாமல் சோளத்தையே நம்பி வாழ்ந்தவர்களுக்குப் பெல்லக்ரா என்ற நோய் வந்ததை எங்கள் பயிற்சி வகுப்பிலேயே படித்திருக்கிறேன். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்துச் செய்தேன். வடசேரிச் சந்தையில் வாங்கிய மஞ்சள் சோளம் கோழித் தீவனத்துக்கு உள்ளது, எத்தனை அரைத்தாலும் நறநறவென்று இருந்தது, கல்லில் போட்டதும் விண்டு போயிற்று. என் வீட்டுக்காரர் அதை உதிர்த்து மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, புட்டு நன்றாக இருக்கிறது என்றார். வெள்ளை மக்காச்சோளம் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த வாசகர்கள் இந்தப் பகுதியிலேயே எழுதினால் நல்லது. மகள் ஓணத்துக்கு வருகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.