கேஸ் தீராது, மாப்ளே

மாப்ளே,

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டிவலி தேவலை.

நான் ஏசி வேலை கற்றுக்கொள்வதுதான் உனக்குத் தெரியுமே. "வருஷா வருஷம் கேஸ் தீர்ந்துபோகுது, ஆளைக் கூப்பிட்டு ஏத்திக்கிறேன்" என்று எழுதியிருந்தாய் பார், அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. தீருவதற்கு அது என்ன பெட்ரோலா? கம்ப்ரஸர், அவுட்டோர் காயில், கேப்பிலரி என்கிற மெல்லிய குழாய், இண்டோர் காயில், மறுபடி கம்ப்ரஸர் என்று மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ லீக். லீக் இல்லையென்றால் குறையவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஏற்றினவன் ஒரு தடவையாவது குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டில் சோப்பு நுரை வைத்துப் பார்த்தானா?

எனக்கு ஆத்திரம் வருவது இன்னொரு விஷயத்தில். கேஸ் குறைந்தாலும் கேஜில் சக்‌ஷன் பிரஷர் (கம்ப்ரஸருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம்) இறங்கும். ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்று போகாவிட்டாலும் இறங்கும். காயிலில் ஐஸ்கூட இரண்டிலும் கட்டும். கேஜை மட்டும் பார்ப்பவன் இரண்டுக்கும் கேஸைத்தான் ஏற்றுவான். பிரித்துச் சொல்வது சூப்பர்ஹீட், அதாவது கொதித்த பிறகு கேஸில் கூடுதலாக ஏறிய சூடு. அந்தப் பிரஷரில் கேஸ் 5 டிகிரியில் கொதிக்கிறது, சக்‌ஷன் பைப் 11 டிகிரி காட்டுகிறது என்றால் சூப்பர்ஹீட் 6. கேஸ் குறைந்த கேப்பிலரி மெஷினில் இது எகிறும். காற்று அடைத்ததில் விழுந்துவிடும். அடைத்த மெஷினில் போய்க் கேஸை ஏற்றினால் ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்கே திரும்பி வரும். ஒரு ஃபில்டரைக் கழுவாததற்குக் கம்ப்ரஸரைக் காவு கொடுப்பது நியாயமா, சொல்.

இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் இந்தக் கணக்கும் போதாது. இருப்பதை ரிக்கவரி சிலிண்டரில் எடுத்து, லீக்கை அடைத்து, வேக்யூம் போட்டு (பம்பால் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி), நேம் பிளேட்டில் உள்ள கிராம் அளவுக்கு எடைபோட்டு ஏற்றணும். வேக்யூமும் பேருக்குப் போடுவதல்ல. உள்ளே அழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி, பம்பை நிறுத்திய பிறகும் ஏறாமல் நிற்கணும். உள்ளே ஈரம் தங்கினால் ஆயிலோடு சேர்ந்து ஆசிடாகும்.

சில்லர் (பெரிய கட்டடங்களுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) பக்கமும் இப்போது விடுகிறார்கள். தண்ணீர் 12 டிகிரியில் வந்து 7 டிகிரியில் திரும்பிப் போகிறது. எனக்குப் பிடித்ததே அங்கே அளவுகளைக் குறித்துவைக்கும் லாக் ஷீட்தான்! கேஸ் திரவமாகும் கண்டென்ஸிங் வெப்பநிலைக்கும் கண்டென்ஸரை விட்டு வெளியேறும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனால், டியூபில் உப்புப் படிகிறதோ என்று மெஷின் நிற்பதற்கு முன்னாடியே சந்தேகப்படலாம். வீட்டு ஏசிக்கும் இப்படி ஒரு நோட்டு இருந்தால் உன் கதை எப்போதோ முடிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. உன் மெஷினில் ஆர்-32 என்று போட்டிருந்தால் அது தீப்பிடிக்கக்கூடிய கேஸ். லேசாகத்தான், ஆனால் பிடிக்கும். உள்ளே கேஸ் இருக்கும்போது யாரையும் டார்ச் பற்றவைக்க விடாதே. கேஸை எடுத்து, நைட்ரஜன் விட்டுக்கொண்டே பிரேஸிங் (குழாய்ப் பற்றவைப்பு) செய்யச் சொல்.

முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவு. அப்புறம் நேம் பிளேட்டில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று பார்த்து எழுது. இண்டோர், அவுட்டோர் இரண்டு பக்கமும் ஃபிளேர் நட்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா என்றும் பார். மற்றதை நான் சொல்கிறேன்.

உன்
மச்சான்