எல்லிஸ் தீவின் ஆனி மூருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆனி மூர் அம்மையாருக்கு,

வணக்கம். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டபோது, அதன் பதிவேட்டில் முதலில் பெயர் எழுதப்பட்டவர் நீங்கள். அந்த ஒரு நாளைப் பற்றி உலகத்துக்கு நன்றாகத் தெரியும். அதன்பின் 1924 டிசம்பர் வரை நீங்கள் வாழ்ந்த வாழ்க்கையை மட்டும் நெடுங்காலம் எவரும் அறியவில்லை. அறியாதது கூடப் பரவாயில்லை, வேறொரு பெண்ணின் வாழ்க்கையை உங்களுடையது என்று எழுதியும் பேசியும் வந்தார்கள். அது எப்படி நேர்ந்தது, எந்தக் காகிதங்களைக் கொண்டு, யாருடைய நினைவுகளைக் கொண்டு திருத்தப்பட்டது என்பதை உங்களுக்கே எழுத வேண்டும் என்று தோன்றியதால் இக்கடிதம்.

நீங்கள் தம்பியர் ஆண்டனியோடும் ஃபிலிப்போடும் 1891 டிசம்பர் 20 அன்று, இன்று கோவ் என்று வழங்கும் குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் 'நெவாடா' கப்பல் ஏறினீர்கள். மலிவுக் கட்டணத்தில் கப்பலின் கீழ்த்தளத்தில் வந்த 148 பேரில் நீங்கள் மூவரும் அடக்கம். டிசம்பர் 31 மாலை கப்பல் நியூயார்க்கை அடைந்தது. மறுநாள் காலை உங்களைக் கரைக்கு அழைத்து வந்தார்கள். அதிகாரி ஜான் வெபர் பத்து டாலர் தங்க நாணயம் ஒன்றை உங்கள் கையில் கொடுத்தார். அன்று உங்களுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் என்று பத்திரிகைகள் எழுதின. அயர்லாந்துப் பதிவுகளின்படி உங்களுக்கு அப்போது பதினேழு வயது நிறைந்திருந்தது, பிறந்தநாளும் அன்று இல்லை. உங்களைப் பற்றி முதல் நாளே அச்சேறிய இந்தச் செய்தியை நூறாண்டுக்கும் மேலாக மக்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார்கள் என்பதைப் பார்க்கும்போது, அச்சில் வந்துவிட்டதாலேயே ஒன்றை நம்பிவிடக் கூடாது என்று முன்னோரைத் தேடுகிறவர்கள் ஏன் அவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறார்கள் என்பது புரிகிறது.

இனி அந்த மற்றொரு ஆனி மூர். அவர் டெக்சாஸில் வாழ்ந்தவர்; அயர்லாந்தின் விடுதலைக்குப் பாடுபட்ட டேனியல் ஓ'கானலின் வழிவந்தவர் என்று சொல்லப்பட்ட ஒருவரை மணந்து, பின்னர் ஃபோர்ட் வொர்த் நகருக்கு அருகே டிராம் வண்டி மோதி இறந்தவர். எல்லிஸ் தீவில் முதலில் இறங்கியவர் இவரே என்று அவருடைய குடும்பத்தார் நம்பினார்கள், சொன்னார்கள், உலகமும் ஏற்றுக்கொண்டது. உங்களுக்கு நடந்த விழாக்களுக்கு அவர்களே அழைக்கப்பட்டார்கள். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. பாட்டியின் பெயர் ஆனி மூர், புகழ்பெற்ற பெண்ணின் பெயரும் ஆனி மூர் என்றிருக்கும்போது, வீட்டுப் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுவது எந்தக் குடும்பத்திலும் நடக்கக்கூடியது. அயர்லாந்திலிருந்து வந்த சிறுமி மேற்கு நோக்கிப் பயணித்துப் புது நிலத்தில் வாழ்ந்தாள் என்பது அமெரிக்கா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பிய கதையாகவும் இருந்தது. குடும்பத்து நினைவை எவரும் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டதுதான் குறை.

ஒப்பிட்டுப் பார்த்தவர் மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர். குடியேறியவர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்காகப் பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர், டெக்சாஸ் ஆனி இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவாகியிருப்பதைக் கண்டார். அமெரிக்காவிலேயே பிறந்தவர் எப்படி 'நெவாடா' கப்பலில் வந்திறங்க முடியும்? அப்படியானால் உண்மையான ஆனி எங்கே போனார்?

கேள்வி எளிது, பதில் தேட வேண்டிய இடங்களோ பெரும்பாலும் பாழாகிக் கிடந்தன. இதை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது அயர்லாந்திலிருந்து போன லட்சக்கணக்கான குடும்பங்களுக்கும் நேர்ந்தது. உங்கள் பெற்றோர் மாத்யூவும் ஜூலியாவும் 1888-இலேயே நியூயார்க்குக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் மூவரும் அயர்லாந்திலேயே இருந்தீர்கள். அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பில் உங்கள் பெற்றோரின் பெயர் இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பின் ஏடுகள் 1921-இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயில் கருகியும் நனைந்தும் வீணாகி, ஏறக்குறைய முழுவதும் இல்லாமல் போயின. அயர்லாந்தின் 1891 கணக்கெடுப்பில் உங்கள் மூவரின் பெயரும் இருந்திருக்க வேண்டும். அந்த ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. கடலுக்கு இருபுறமும் பிரிந்து கிடந்த ஒரே குடும்பத்தின் இரு பாதிகளும் இப்படித் தனித்தனியே அழிந்தன. நீங்கள் வந்து சேர்ந்த சில வாரங்களில் நியூயார்க் மாநிலம் எடுத்த 1892 கணக்கெடுப்பில் குடும்பம் மறுபடியும் ஒரே வீட்டில் இருந்ததைப் பார்த்திருக்கலாம். மன்ஹாட்டன் பகுதிக்கான ஏடுகள் அதிலும் மிஞ்சவில்லை.

அயர்லாந்துப் பதிவுகளைத் தேடுகிறவர்களுக்கு இந்த ஏமாற்றம் பழகிப்போன ஒன்று. அங்கே 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி, 1922-இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் டப்ளின் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது அழிந்தது. 1861, 1871 கணக்கெடுப்பு ஏடுகளை, எண்களைத் தொகுத்து முடித்ததும் அரசே அழித்துவிட்டது. முழுமையாக எஞ்சியவற்றுள் மிகப் பழையது 1901-ஆம் ஆண்டினுடையது. அதற்குள் நீங்கள் அமெரிக்கா போய்ப் பத்தாண்டு ஆகப் போகிறது. நல்ல வேளையாக, கத்தோலிக்கர் உட்பட எல்லாருடைய பிறப்புகளும் இறப்புகளும் 1864 முதல் அங்கே அரசால் பதிவு செய்யப்பட்டன; நீங்கள் 1874-இல் பிறந்ததால் அந்தப் பதிவுக்குள் வருகிறீர்கள். உங்கள் பெற்றோர் தலைமுறையைத் தேட வேண்டுமானால் பங்குக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைத்தான் நம்ப வேண்டும். பெரும்பாலும் லத்தீனில், மங்கிய மையில், ஒரே பெயர் பத்துக் குழந்தைகளுக்கு வைக்கப்பட்டிருக்கும் ஏடுகள் அவை. அயர்லாந்து தேசிய நூலகம் 2015-இல் அவற்றின் படங்களை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தது பெரிய தொண்டு.

எல்லிஸ் தீவின் மரக் கட்டடங்களும் 1897 ஜூனில் எரிந்தன. பல ஆண்டுக் குடியேற்றப் பதிவுகள் அத்தோடு சாம்பலாயின. ஆனாலும் சுங்கத் துறையிடம் தனியே இருந்த பயணிகள் பட்டியல்கள் தப்பின. 'நெவாடா'வின் பட்டியலில் உங்கள் பெயரை இன்று நாங்கள் பார்க்க முடிவது அதனால்தான்.

இத்தனைக்கும் மேலாக ஒரு தடை உண்டு, அது தீயினால் வந்தது அன்று. திருமணமானதும் உங்கள் பெயர் மாறியது. அக்காலச் சட்டப்படி அமெரிக்கக் குடிமகனை மணந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு அந்தத் திருமணத்தாலேயே குடியுரிமை கிடைத்துவிடும். 1922 வரை மனைவியின் குடியுரிமை கணவனுடையதைப் பின்பற்றியது. ஆகவே ஆண்கள் விண்ணப்பம் கொடுத்து, நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்து, கப்பல் பெயரும் வந்த நாளும் எழுதி வாங்கிய காகிதங்கள், உங்களைப் போன்ற பெண்களுக்குப் பெரும்பாலும் உருவாகவே இல்லை. மூர் என்ற பெயர் உங்களை விட்டுப் போன அன்றே நீங்கள் தேடுகிறவர்களின் கண்ணிலிருந்து மறைந்துவிட்டீர்கள். புலம்பெயர்ந்த பெண்களின் வரலாறு எழுதப்படாமல் போனதற்கு இதைவிட வலுவான காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

2006-இல் ஸ்மோலென்யாக், உங்களைக் கண்டுபிடிக்க உதவும் ஆதாரத்துக்கு ஆயிரம் டாலர் பரிசு என்று இணையத்தில் அறிவித்தார். நியூயார்க் நகர ஆவணத் துறையின் தலைவராக இருந்த பிரையன் ஆண்டர்சனும் தேடலில் சேர்ந்தார். வழி திறந்தது உங்கள் தம்பி ஃபிலிப்பின் குடியுரிமைச் சான்றிதழ் அகப்பட்டபோது. அதிலிருந்து 1930 கணக்கெடுப்பில் ஃபிலிப்பின் வீட்டைக் கண்டார்கள். அங்கே ஒரு மகளின் பெயர் இருந்தது. அந்த மகளின் இறப்பைத் தேடி, உயிரோடிருக்கும் உறவினரை எட்டினார்கள். சில வாரங்களுக்குள் நடந்த வேலை இது. உங்களை நேராகத் தேடியவர்களுக்கு நீங்கள் கிடைக்கவில்லை. தம்பியின் வீட்டு வாசல் வழியாகப் போனவர்களுக்குத்தான் கிடைத்தீர்கள். ஒரு முன்னோரைத் தேடும் எவரும் அவருடைய உடன்பிறந்தவர்களையும் சேர்த்துத் தேட வேண்டும் என்பதற்கு உங்களைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அப்போது வெளிப்பட்ட வாழ்க்கை டெக்சாஸ் கதையைப் போல நெடும்பயணம் நிறைந்ததாக இல்லை. வந்து சேர்ந்தபோது உங்கள் பெற்றோர் இருந்தது 32, மன்ரோ தெரு. அதன்பின் உங்கள் வாழ்நாள் முழுவதும் கீழ் மன்ஹாட்டனில் அதே சுற்றுவட்டாரத்தின் சில தெருக்களுக்குள் கழிந்தது. ஜெர்மனியிலிருந்து வந்தவர்களின் மகனான ஜோசப் அகஸ்டஸ் ஷையரை மணந்தீர்கள். அவர் ஃபுல்டன் மீன் சந்தையில் வேலை பார்த்தார். (பின்னாளில் நியூயார்க் ஆளுநராகி, 1928-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட ஆல் ஸ்மித், உங்களைவிடச் சில மாதங்களே மூத்தவர், அதே வட்டாரத்தில் பிறந்து அதே மீன் சந்தையில் இளமையில் உழைத்தவர். அவரைப் பற்றி எத்தனையோ நூல்கள் உள்ளன.) உங்களுக்குப் பிறந்த பிள்ளைகள் பதினொருவர், வளர்ந்து ஆளானவர்கள் ஐவர்.

இந்த எண்களை நான் கடந்து போக முடியவில்லை. 1900, 1910 ஆண்டுகளின் அமெரிக்கக் கணக்கெடுப்புத் தாளில் மணமான பெண்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள்: எத்தனை குழந்தைகள் பெற்றாய், அவர்களில் எத்தனை பேர் இப்போது உயிரோடிருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு கட்டங்கள். நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில், காற்றும் வெளிச்சமும் குறைந்த அறைகளில் வாழ்ந்த தாய்மார் வாசலில் நின்ற கணக்கெடுப்பாளரிடம் அந்த இரண்டு எண்களையும் சொல்ல வேண்டியிருந்தது. ஆவணங்கள் உணர்ச்சியற்றவை என்று சொல்கிறவர்கள் அந்தத் தாளின் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்க்க வேண்டும்.

உங்களுடைய இந்த வாழ்க்கை வெளியே வந்தபோது, முந்தைய கதை இதைவிட அழகாக இருந்ததே என்று வருந்துவோர் இருக்கலாம். நான் அதை ஏற்கவில்லை, அம்மா. எல்லிஸ் தீவு வழியாக 1892 முதல் 1954 வரை வந்த ஒரு கோடியே இருபது லட்சம் பேரில், நகரத்திலேயே தங்கி, வாடகை அறைகளில் குடும்பம் நடத்தி, அயல்மொழிக்காரரின் மகனை மணந்து, பிள்ளைகளை இழந்தும் வளர்த்தும் வாழ்ந்தவர்கள் ஏராளம். நீங்கள் அவர்களில் ஒருவர். எல்லிஸ் தீவில் உங்களுக்கு வைத்திருக்கும் சிலை நிற்க வேண்டியது இந்த வாழ்க்கைக்குத்தான்.

சிலை என்றதும் நினைவுக்கு வருகிறது: 1993-இல், சிற்பி ஜீன் ரைன்ஹார்ட் செய்த உங்கள் சிலைகள் இரண்டு நிறுவப்பட்டன. கோவ் துறைமுகத்தில் தம்பியரோடு நிற்கிறீர்கள், எல்லிஸ் தீவில் தனியே நிற்கிறீர்கள். அந்த ஆண்டில் குவீன்ஸ் பகுதியின் கால்வரி கல்லறைத் தோட்டத்தில் உங்கள் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் ஒன்றுகூடக் கிடையாது. இதயம் செயலிழந்து ஐம்பதாம் வயதில் இறந்து, அங்கே அடக்கம் செய்யப்பட்டு, எண்பதாண்டுக்கும் மேல் அப்படியே இருந்தீர்கள். 2008 அக்டோபர் 11 அன்றுதான் அயர்லாந்தின் நீலச் சுண்ணக்கல்லில் செதுக்கிய கெல்டிக் சிலுவை அங்கே நாட்டப்பட்டது.

எனக்கு ஓர் ஆசை உண்டு. எல்லிஸ் தீவில் பெட்டியோடு நிற்கும் அந்தச் சிறுமியின் சிலைக்கு அருகில் 'நெவாடா' பயணிகள் பட்டியலின் படம் ஒன்றையும், நீங்கள் திருமதி ஷையராக வாழ்ந்த காலத்துக் கணக்கெடுப்புத் தாள் ஒன்றையும், ஃபிலிப்பின் குடியுரிமைச் சான்றிதழையும் வரிசையாக வைக்க வேண்டும். அங்கே வருகிறவர்களில் பலர் தங்கள் பாட்டன் பாட்டியின் பெயரைத் தேடி வருகிறவர்கள். எதை முதலில் தேடுவது, அது கிடைக்காவிட்டால் யாரிடம் போவது என்பதை அந்த மூன்று தாள்களிலிருந்தே அவர்கள் கற்றுக்கொண்டு போகலாம்.

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் வரலாற்றைப் படித்தறிந்த ஒரு தமிழ் வாசகர்