வசனத்தோடு எழுத்தும் ஓடட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழனியில் என் வீட்டிலேயே பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவிகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். ஆங்கிலம் பேசும் சின்னக் காட்சிகளை, வசனம் ஆங்கில எழுத்திலும் ஓடும்படி, தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சியில் போட வேண்டும்; அதற்குப் பொறுப்பானவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டென்ஸ் அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். பேச வாயெடுத்தால் மட்டும் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்று வரும். நேற்று என்று சொல்லிவிட்டால் ‘ஐ சா ஹிம்’தான் என்று போர்டில் எத்தனை முறை எழுதினாலும், மறுநாள் பழைய குருடி கதவைத் திறடிதான்.

இதில் எனக்குக் கைகொடுத்தவை ஆங்கில போலீஸ் தொடர்கள். அநேகமாக எல்லாத் தொடரிலும் இந்தக் காட்சி வந்துவிடும். துப்பறிபவர் ஒரு போட்டோவை நீட்டி, ‘ஹேவ் யூ எவர் சீன் திஸ் மேன்?’ என்பார். எப்போது என்பது அங்கே முக்கியமில்லை, பார்த்ததுண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. கடைக்காரர் ஆமாம் என்றதும் கேள்வி மாறிவிடும்: ‘வென் டிட் யூ லாஸ்ட் சீ ஹிம்?’ இப்போது நாளும் நேரமும் வேண்டும். பதிலும் ‘ஐ சா ஹிம் ஆன் டியூஸ்டே’ என்று வரும். பிரசன்ட் பெர்ஃபெக்டும் (‘ஹேவ் சீன்’) சிம்பிள் பாஸ்டும் (‘சா’) எங்கே பிரிகின்றன என்பது அந்த அரை நிமிடத்துக்குள் இருக்கிறது. இரண்டு மாணவிகளை எழுப்பி, கையில் ஒரு காலண்டர் படத்தைக் கொடுத்து அதே காட்சியை நடிக்கவைப்பேன். அப்புறம் அந்தத் தப்பு அபூர்வமாகத்தான் வருகிறது.

ஆனால் வசனம் திரையில் ஆங்கில எழுத்திலும் ஓட வேண்டும். ‘வுட் ஹேவ்’ என்பதைத் தொடரில் பேசுகிறவர்கள் ‘வுடவ்’ என்று விழுங்கிவிடுவார்கள். எழுத்தைப் பார்க்காத பிள்ளைக்கு அது வெறும் சத்தம். தமிழில் சப்டைட்டில் போட்டாலோ கண் தமிழைப் படிக்கும், காது சும்மா இருந்துவிடும். கதை புரியும், ஆங்கிலம் வராது. நான் முதலில் எழுத்தை மறைத்து ஒரு சின்னக் காட்சியைப் போட்டு, காதில் விழுந்ததை நோட்டில் எழுதச் சொல்வேன். பிறகு எழுத்தோடு போட்டு அவர்களையே திருத்தவைப்பேன். விட்டுப்போனவை பெரும்பாலும் ‘ஏ’, ‘த’, ‘டு’ போன்ற குட்டிச் சொற்களாக இருக்கும். பரீட்சையிலும் மார்க் போவது அங்கேதான்.

கேட்கும் மொழியிலேயே எழுத்தையும் ஓடவிடுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1996-இல் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி முன்வைத்த யோசனை அது. தூர்தர்ஷனில் இந்திப் பாட்டுக்கு அடியில் இந்தியிலேயே வரிகள் ஓடின, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறவர்களுக்குப் பழக்கம் வரட்டும் என்று. அதையே ஆங்கில வசனத்துக்கும் செய்யலாமே.

என் மாணவிகள் பலர் வீட்டு கேபிள் பேக்கில் ஆங்கிலச் சேனலே கிடையாது. செல்போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அந்த வீடுகளிலும் வருகிறது. வெளிநாட்டுத் தொடர்களில் கெட்ட வார்த்தை அதிகம், அப்படியே போட முடியாது, சரி. நம் பிள்ளைகளையே நடிக்கவைத்துச் சின்னச் சின்னக் காட்சிகள் எடுக்கலாம்: பஸ் ஸ்டாண்டில் வழி கேட்பது, பேங்கில் கணக்குத் தொடங்குவது, வேலைக்கு இன்டர்வியூ போவது. பாடம் ஒப்பிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசவைக்கக் கூடாது, பேசுகிற வேகத்திலேயே பேசட்டும். ஒவ்வொரு காட்சியும் ஒரு தடவை எழுத்தில்லாமலும் ஒரு தடவை எழுத்தோடும் வர வேண்டும். கடிதம், கட்டுரை எழுதப் பழக எப்போதும் போல் புத்தகம் இருக்கிறது.

இன்னொன்று, நேரம். பள்ளி நேரத்தில் போட்டால் யாரும் பார்க்க முடியாது. சீரியல்கள் தொடங்கிவிட்டால் ரிமோட் பெரியவர்கள் கைக்குப் போய்விடும். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் போட்டால் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
ஆங்கில டியூஷன் ஆசிரியை,
பழனி.