பிரியாணி ஆறினாலும் பரவாயில்லை

சமூக மன்றங்களில் இளையர்களுக்கு வேலை வழிகாட்டல் நிகழ்ச்சி நடத்தும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மார்ச்சில் உங்கள் மேடையில் பேசியவர்களில் நானும் ஒருவன். ஆரம்பச் சம்பளம், போனஸ், பங்கு என்று முக்கால் மணி நேரம் போனது. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண், "அண்ணே, அங்கே நீங்க என்னதான் செய்யிறீங்க?" என்று கேட்டார். நெறியாளர் கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாடு வந்துவிட்டது என்றார். அப்போது சொல்லாத பதில் இதோ.

இணைய விளம்பரங்களை வெளியிடும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு விளம்பரம் மோசடியாக இருக்கலாம் என்று எங்கள் நிரல் சந்தேகப்படும். அந்தச் சந்தேகத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். எத்தனைக்கு மேல் போனால் தடுப்பது என்று ஒரு எண்ணை எழுதி வைக்க வேண்டும். அதை எழுதும் குழுவில் இருக்கிறேன். எண்ணை இறக்கினால் மோசடி குறையும், கூடவே வருமானமும் குறையும். 90ஐ 75 ஆக்கலாம் என்றேன். இந்தக் காலாண்டு முடியட்டும் என்றார்கள். முடிந்தது. அடுத்த காலாண்டு தொடங்கிவிட்டது.

2024இல் சிங்கப்பூரில் மோசடிக்காரர்களிடம் மக்கள் இழந்தது 110 கோடி வெள்ளிக்கு மேல். அதில் 11,000 வெள்ளி ஈசூனில் இருக்கும் என் பெரியம்மாவுடையது. அமைச்சர் ஒருவரின் முகத்தைப் போட்டு வந்த முதலீட்டு விளம்பரம். "நீ கம்ப்யூட்டர்லதானே இருக்கே, இதையெல்லாம் யாருப்பா உள்ளே விடுறது?" என்று கேட்டார். தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

வேலையை விடுங்கள் என்று யாருக்கும் சொல்ல வரவில்லை. நானே விடவில்லை, வீட்டுக் கடன் இன்னும் 19 வருடம் இருக்கிறது. வேலை அனுமதியில் வந்திருப்பவர்களுக்கு வேலை போனால் இந்த ஊரே போய்விடும். ஆனால் மேடையில் நாங்கள் சொல்லும் இரண்டு சமாதானங்களை மட்டும் பிள்ளைகள் அப்படியே நம்ப வேண்டாம்.

உள்ளே போய்த் திருத்தலாம் என்போம். திருத்தியவர்கள் உண்டு. 2018இல் அமெரிக்க ராணுவத்தின் ட்ரோன் படங்களை அலசும் மேவன் திட்டத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான கூகல் ஊழியர்கள் கையெழுத்திட்டார்கள். நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, ஆயுதங்களுக்குச் செயற்கை நுண்ணறிவு செய்ய மாட்டோம் என்றும் எழுதிக்கொடுத்தது. 2025 பிப்ரவரியில் அந்த வரியை எடுத்துவிட்டது. கையெழுத்துக்குப் பலன் இருந்தது, ஏழு வருடம்போல.

சொன்னதைச் செய்தேன், நிரல் மட்டும்தான் எழுதினேன் என்பது இரண்டாவது. ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் புகைச் சோதனையை ஏமாற்ற மென்பொருள் செய்தவர்களில் ஒருவரான பொறியாளர் ஜேம்ஸ் லியாங்குக்கு 2017இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை கொடுத்தது.

அடுத்த நிகழ்ச்சிக்கு எங்களைப் போன்றவர்களைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். சம்பளத்தையும் கேளுங்கள், அது பாவமில்லை. அதோடு, "உங்கள் குழு எந்த எண்ணைக் கூட்டப் பாடுபடுகிறது, அது கூடினால் யாருக்குக் குறைகிறது?" என்றும் பிள்ளைகள் கேட்கட்டும். பெரிய வேலை ஒன்றை வேண்டாம் என்று விட்டவர் யாராவது கிடைத்தால் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவர் எப்படிச் சமாளித்தார் என்று எனக்கே கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண்ணை முன்வரிசையில் உட்கார வையுங்கள். சாப்பாட்டை அரை மணி நேரம் தள்ளிச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மார்ச்சில் பேசியவர்களில் ஒருவன்